அறிவியல் புனைகதைத் தொடர்களும் மக்கள் ஏற்பும்: ஒரு வரலாற்று நோக்கு

எந்த நூல் மிகுதியாகப் படிக்கப்பட்டது என்பதும், எந்த நூல் மக்களிடம் நிலைத்தது என்பதும் ஒரே வினா அன்று. திருச்சபை வரலாறு பயின்றோர் இதனை நன்கு அறிவர். ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்னும் நூல் இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுச் சபைகளில் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்டது. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய்ச் சுவடியில் அது புதிய ஏற்பாட்டு நூல்களை அடுத்து எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆயினும் கி.பி. 367-இல் அத்தனாசியு தம் பண்டிகைக் கடிதத்தில் வரிசைப்படுத்திய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் அதற்கு இடமில்லை. புதிதாக விசுவாசத்திற்கு வருவோர் படித்துப் பயன்பெறலாம் எனத் தனியே குறிப்பிட்டதோடு அவர் அமைந்தார். விரும்பப்பட்டது வேறு, ஏற்கப்பட்டது வேறு.

இதே வினாவை இக்கட்டுரையில் முற்றிலும் வேறான ஒரு களத்தில் வைத்துக் காண முற்படுகிறோம். அக்களம் அறிவியல் புனைகதை. இறையியல் ஏட்டில் இதற்கென்ன வேலை என வாசகர் வினவக்கூடும். நம் சபை இளைஞர் எக்கதைகளைத் தம்முடையனவாகக் கொண்டுள்ளனர் என்பதை அறியாத போதகர் அவர்களோடு நெடுந்தொலைவு நடக்க இயலாது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. நியமநூல் தொகுதி என்னும் கருத்தையே இக்கதைகளின் அன்பர்கள் நம்மிடமிருந்து கடனாகப் பெற்று, தமக்குள் கடுமையாக வழக்காடி வருகின்றனர். கடன் கொடுத்தவர் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ‘ஸ்டார் ட்ரெக்’, ‘ஸ்டார் வார்ஸ்’, ‘டாக்டர் ஹூ’ முதலியவை தனிக்கதைகள் அல்ல, கதையுலகுகள். ஒவ்வொன்றின் உரிமையும் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனம் அவ்வுலகைத் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் பொம்மையாகவும் நூலாகவும் விற்கிறது. திரையில் வந்ததைத் தழுவியோ, திரை சொல்லாது விட்ட இடத்தை நிரப்பியோ எழுதப்படும் புதினங்களை இங்குத் துணைப் புதினங்கள் என்று அழைப்போம். இவற்றுள் எது பெரிது என்னும் வழக்கு எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் எண்களை அடுக்குவர்: படத்தின் வசூல் இவ்வளவு, நூலின் படிகள் இவ்வளவு என்று. நற்செய்திப் பெருவிழாக்களில் தலைகளை எண்ணிப் பழகிய நமக்கு அம்முறை அந்நியமானதன்று. எண்களை நாம் இகழவில்லை. ஆனால் அவை ஆரவாரம் மிகுந்த நாளைத்தான் அளக்கின்றன. ஒரு கதையின் செல்வாக்கை அறிய விரும்பும் வரலாற்று மாணவன் ஆரவாரம் ஓய்ந்த ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும். திரை இருண்டபின் அக்கதையை யார் கையில் வைத்திருந்தனர் எனத் தேட வேண்டும்.

திரை இருண்ட ஆண்டுகள்

‘ஸ்டார் ட்ரெக்’ 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 79 பகுதிகளோடு 1969 ஜூனில் நிறுத்தப்பட்டது. போதிய பார்வையாளர் இல்லை என்பது நிறுவனத்தாரின் கணக்கு. முதல் திரைப்படம் வந்தது 1979 டிசம்பரில். இடைப்பட்ட பத்தாண்டில் பழைய பகுதிகளின் மறு ஒளிபரப்பும், குறுகிய காலம் ஓடிய ஓவியத் தொடர் ஒன்றும், மலிவான தாளட்டை நூல்களுமே அன்பர்களுக்குக் கிடைத்தன. அந்நூல்களின் ஆசிரியர் ஜேம்ஸ் பிளிஷ். 1967 முதல் தொலைக்காட்சிப் பகுதிகளைச் சிறுகதைகளாக்கி வரிசையாக வெளியிட்ட அவர், 1970-இல் ‘ஸ்பாக் மஸ்ட் டை’ என்னும் தனிப் புதினத்தையும் எழுதினார். வயிற்றுப்பாட்டுக்கு எழுதிய எளிய எழுத்தாளர் என்று இவரை ஒதுக்கிவிட வேண்டா. 1958-இல் ‘எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ என்னும் புதினத்தைப் படைத்தவர் இவரே. அதில் இயேசு சபைக் குரு ஒருவர் வேற்றுக்கோள் ஒன்றில் சமயமே அறியாத, ஆயினும் குற்றமற்று வாழும் ஓர் இனத்தைக் காண்கிறார். கடவுளின்றி இத்தகைய நன்மை எவ்வாறு இயலும் எனக் கலங்கி, அக்கோள் சாத்தானின் படைப்பே என முடிவுசெய்கிறார். சாத்தானுக்குப் படைக்கும் ஆற்றலை அளித்ததன் வாயிலாக, தாமே மானிக்கேயப் பிழையில் வீழ்ந்ததை உணர்கிறார். படைப்பு, வீழ்ச்சி ஆகிய கோட்பாடுகளைப் பயிலும் மாணவர்க்கு இந்நூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்போம்.

‘ஸ்டார் வார்ஸ்’ நூலாகவே முதலில் வெளிவந்தது என்பதைப் பலர் அறியார். படம் திரையிடப்பட்டது 1977 மே 25 அன்று. புதினம் அதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1976-இன் இறுதியில் கடைகளுக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூக்காஸ் பெயர் இருந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். பெயர் ஒருவருடையதாகவும் கை மற்றொருவருடையதாகவும் இருத்தல் புதிய ஏற்பாட்டுத் திறனாய்வு பயின்ற நமக்குப் புதிதன்று. இதே ஃபாஸ்டர் அதற்கு முன்பே, 1974 முதல், ‘ஸ்டார் ட்ரெக்’ ஓவியத் தொடரை நூல்களாக்கி வந்தார். இரு அணியாரும் ஒருவரையொருவர் ஏளனஞ்செய்துகொண்டிருந்த நாட்களில் இரு அணிகளுக்கும் ஒரே எழுத்தாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

1983-இல் மூன்றாம் படம் முடிந்தபின் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட வரிசையில் 1999 வரை புதுப்படம் இல்லை. ஆர்வம் அடங்கிவிட்டது என எண்ணப்பட்ட வேளையில், 1991-இல் டிமதி சான் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ வெளிவந்து ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன்பின் துணைப் புதினங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. திரையிலிருந்து பிறந்த நூல்கள் திரையை மீண்டும் உயிர்ப்பிக்கும் நிலம் ஆயின.

இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ இன்னும் வியப்பானது. 1963-இல் தொடங்கிய அத்தொடரின் பழைய ஒளிநாடாக்கள் பலவற்றைப் பி.பி.சி. நிறுவனமே அழித்துவிட்டது. நாடா விலை மிக்கது, இடம் குறைவு, பழைய நாடகத்தை மீண்டும் யார் பார்ப்பர் என்பது அக்கால எண்ணம். 1973 முதல் டார்கெட் பதிப்பகத்தார் அக்கதைகளை நூல்களாக்கினர். டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதினார். ஒரு தலைமுறைச் சிறுவர்க்கு, தாம் பிறக்குமுன் வந்து அழிந்த கதைகளை அடைய அந்நூல்களே வழியாயின. 1989-இல் தொடர் நிறுத்தப்பட்டு 2005-இல் மீண்டும் தொடங்கியபோது, அதனை மீட்டெழுதிய ரசல் டி. டேவிஸ் முதலானோர் இடைக்காலத்தில் துணைப் புதினங்கள் எழுதி வந்தவர்களே என்பது கருதற்பாலது.

சிவகாசியில் மறுவாழ்வு

தமிழ்நாட்டில் இவ்வரலாறு வேறு உருக்கொண்டது. அறிவியல் கற்பனை நம் திரைக்குப் புதிதன்று. 1963-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘கலையரசி’யில், வேற்றுக்கோளினர் தமக்கு இசையும் நடனமும் கற்பிக்கவென்று நம் நிலவுலகப் பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்குவதற்கு மூன்றாண்டு முன்னர் வந்த படம் அது. ஆனால் அதிலிருந்து ஒரு கதைமரபு கிளைக்கவில்லை. தமிழில் அத்தகைய மரபு தோன்றியது திரையினின்று அன்று, சிவகாசி அச்சுக்கூடத்தினின்று.

1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் என்பார் சிவகாசியில் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீட்டைத் தொடங்கினார். முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். எஃகுக் கை மட்டும் வெளியே தெரியும். இதன் மூலம், 1962 அக்டோபரில் இலண்டனில் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் வந்த ‘ஸ்டீல் கிளா’. எழுதத் தொடங்கியவர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ.

அறிவியல் என்ற அளவில் இக்கதை தேறாது. 1897-இல் இத்தகைய கதையை எழுதிய எச். ஜி. வெல்ஸ், உடல் மறைந்தாலும் உடை மறையாதே எனச் சிந்தித்து, தம் நாயகனை இலண்டன் குளிரில் வெற்றுடம்போடு நடுங்க வைத்தார். கிராண்டேலுக்கோ சட்டையும் காற்சட்டையும் கூடவே மறைந்து விடுகின்றன. ஆயினும் இருளில் ஓர் எஃகுக் கை தனியே மிதந்து வரும் சித்திரத்தை ஒருமுறை கண்ட சிறுவன் முதுமையிலும் அதை மறவான். மேலும் ஒன்று: கிராண்டேல் முதலில் தீயவனாகவே தோன்றுகிறான்; பின்னரே மனம் மாறி நன்மையின் பக்கம் சேர்கிறான். பிற்காலத்தில் தமிழுக்கு வந்த ஸ்பைடரும் குற்றவுலகின் அரசனாக வேண்டுமெனப் புறப்பட்டுக் குற்றவாளிகளை ஒடுக்குபவனாக முடிகிறவனே. மனந்திரும்புதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்ட நம் சிறுவர்கள் இவ்விரு உவமைகளைத் தாமாகவே தேடிப் படித்துக்கொண்டனர் எனலாம்.

காலக்கணக்கை இங்கு ஊன்றி நோக்க வேண்டும். இங்கிலாந்தில் ‘ஸ்டீல் கிளா’ 1970-களின் முற்பகுதியிலேயே முடிவுற்றது. ‘வேலியண்ட்’ இதழே 1976-இல் நின்றுபோயிற்று. தாய்நாட்டில் அக்கதைக்கு அந்தி சாய்ந்த வேளையில்தான் தமிழில் அதற்கு விடிந்தது. அடுத்த தலைமுறைக் கதைகளும் அவ்வாறே. 1984 ஜூலையில் முத்து காமிக்சின் குடும்பத்திலிருந்தே எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் எழுந்தது. அது தமிழர்க்களித்த நாயகருள் தலையாயவர் இருவர்: ஸ்பைடரும், வாசகர் செல்லமாகச் ‘சட்டித்தலையன்’ என்றழைத்த இயந்திர மனிதன் ஆர்ச்சியும். ஆர்ச்சி பிறந்தது 1952-இல், இலண்டனின் ‘லயன்’ இதழில். ஸ்பைடர் அதே இதழில் 1965-இல். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதினார். அவ்விலண்டன் இதழ் 1974-இல் மறைந்து பத்தாண்டு சென்றபின் சிவகாசியில் அந்நாயகர் இருவரும் எழுந்து நடமாடினர்.

அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்தாரின் ராணி காமிக்சும் தொடங்கிற்று. அதன் முதல் நூல் ஜேம்ஸ் பாண்ட் கதை. கறாராக நோக்கின் அதனை அறிவியல் புனைகதை என்றல் பொருந்தாது. ஆயினும் படிப்போர் அவ்வேறுபாடு காணவில்லை. அவர்களுக்கு எல்லாம் ஒரே கடையில் ஒரே கயிற்றில் தொங்கிய நூல்களே.

நாம் ஊழியஞ்செய்யும் சித்தையன்கோட்டைப் பகுதியில், அந்நாளில் சிறுவராயிருந்து இன்று ஐம்பதைக் கடந்தவர்களோடு இதுபற்றி உரையாடினோம். ஆத்தூர் வட்டத்தில் செம்பட்டியை அடுத்த பேரூர் இது. மேற்கே கொடைக்கானல் மலை, சுற்றிலும் நெல்லும் தென்னையும். ராணி காமிக்ஸ் செய்தித்தாள் வரும் வழியிலேயே ஊருக்கு வந்துவிடும் என்றனர். லயனும் முத்துவும் அவ்வாறு வருவதில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையக் கடைக்குச் சென்று வருவோர் யாரிடமேனும் சொல்லி வைக்க வேண்டும். வந்த ஒரு படி பத்து வீடு சுற்றும். கைம்மாற்றிலும் ஒரு விலை இருந்ததாம்: ஒரு மாயாவிக்கு இரண்டு ராணி.

இவ்விடத்தில் ஆய்வாளர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். ‘மாயாவி படித்தோம்’ என்று ஒருவர் சொன்னால், எந்த மாயாவி எனக் கேட்டாக வேண்டும். அமெரிக்கச் சித்திரக்கதை நாயகனான ஃபேண்டம் முத்து காமிக்சில் ‘வேதாளர்’ எனப் பெயர் பெற்றவர். ராணி காமிக்சிலோ ‘முகமூடி வீரர் மாயாவி’. எனவே இரும்புக்கை மாயாவி ஒருவர், முகமூடி மாயாவி மற்றொருவர். பின்னவரே வேதாளரும் ஆவார். யாக்கோபு என்னும் பெயரினர் எத்தனை பேர் எனப் புதிய ஏற்பாட்டில் கணக்கிட்டுச் சலித்த மாணவர் இத்தொல்லையை எளிதில் உணர்வர்.

ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் நின்றது. பரவலில் அது பின்தங்கியதென நாம் எண்ணவில்லை. தினத்தந்தியின் வழியில் சென்றது எவ்வூரைத்தான் எட்டாது? ஆயினும் அது நின்றபின் அதனை மீட்க எவரும் எழவில்லை. லயனும் முத்துவும் இடையில் தடுமாறின, இதழ்கள் தாமதமாயின, பல மாதங்கள் வராமலும் இருந்தன. எனினும் 2012 ஜனவரியில் சிறப்பிதழோடு மீண்டும் எழுந்தன. அதன்பின் வாசகர் வற்புறுத்தலால் மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்புக் கண்டனர். மூலக்கதைகளின் உரிமை கைமாறிக் கைமாறி, 2018-இல் இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்தாரிடம் சேர்ந்தது. 2021-இல் அவர்கள் ‘ஸ்டீல் கிளா’வைத் தொகுப்பு நூலாக்கினர். அறுபதாண்டுக்கு முன் இலண்டனில் பிறந்த நாயகனை இடைக்காலம் முழுதும் வீட்டுப்பெயராக வைத்துக் காத்தவர்கள் இலண்டன் சிறுவர் அல்லர். நம் பக்கத்துச் சிறுவரே.

ஒரே ஆசிரியர், இரு வார இதழ்கள்

தமிழிலேயே பிறந்த அறிவியல் புனைகதைக்கு வருவோம். இங்கு நடுநாயகமாக நிற்பவர் சுஜாதா என்னும் புனைபெயர் கொண்ட எஸ். ரங்கராஜன் (1935–2008). பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய்ப் பணிபுரிந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர்.

தமிழில் துணைப் புதினம் என்று முழுப்பொருளில் சொல்லத்தக்கது அவருடைய ‘விக்ரம்’. 1986 மே மாதம் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த அத்திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, அதன் கதையைக் குமுதம் வார இதழில் அவர் தொடராக எழுதினார். படத்தின் புகைப்படங்கள் உடன் வந்தன. ‘அக்னிபுத்ரா’ என்னும் ஏவுகணை களவாடப்பட, அதனை மீட்க ஓர் உளவாளி செல்கிறான் என்பது கதை. இந்தியா தன் அக்னி ஏவுகணையை முதன்முதலில் ஏவியது 1989 மே மாதத்தில். கதை மூன்றாண்டு முந்திக்கொண்டது.

இதே 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர் ‘என் இனிய இயந்திரா’. இது எத்திரைப்படத்தையும் சார்ந்து பிறந்ததன்று. இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளில் இந்தியா ஜீவா என்னும் ஒருவனின் ஆட்சியில் இருக்கிறது. மக்கள்தொகை கட்டுப்படுத்தப்படுகிறது, குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும், பெயர்களும் சுருங்கிவிட்டன. நிலா என்னும் இளம்பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது படிக்கிறது, சிந்திக்கிறது, நகையாடுகிறது. மெல்ல மெல்ல மனிதரினும் மனிதத்தன்மை உடையதாகிறது. கதை பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராக ஒளிபரப்பாயிற்று. ‘மீண்டும் ஜீனோ’ என்னும் இரண்டாம் புதினமும் வந்தது. அமெரிக்காவில் திரை முன்னே செல்ல நூல் பின்தொடர்ந்தது. இங்கு நூல் முன்னே சென்றது, திரை பின்தொடர்ந்தது.

ஆக, போட்டி வார இதழ்கள் இரண்டிலும் ஒரே ஆசிரியர் இரு கதையுலகுகளைப் படைத்தார். ஃபாஸ்டரின் நிலையே இங்கும். இவற்றுள் எது செல்வாக்குப் பெற்றது? விற்பனையைக் கொண்டு தீர்ப்பளிப்பின் ‘விக்ரம்’ வென்றதாகும். குமுதம் அக்காலத்தில் விற்பனையில் முன்னணியில் நின்ற இதழ். உடன் ஒரு பெருந்திரைப்படமும் அதன் பாடல்களும் இருந்தன. ஆயினும் சித்தையன்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நாம் கண்டது வேறு. பழைய வார இதழ்த் தொடர்களைக் கிழித்தெடுத்து, வாரவாரியாக அடுக்கி, அட்டையிட்டுத் தைத்து வைப்பது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். கல்கியின் புதினங்களை அவ்வாறு கட்டி வைத்த வீடுகளை எல்லாரும் கண்டிருப்பர். ஜீனோவை அவ்வாறு கட்டி வைத்தவர்களை இப்பகுதியில் நாம் சந்தித்தோம். ‘விக்ரம்’ தொடரைக் கட்டி வைத்தவரை இதுவரை சந்திக்கவில்லை. காரணம் கேட்டபோது ஒருவர் நகைத்துச் சொன்னார்: “ஐயா, அதில் கமல் படம் இருந்ததே, பக்கம் வந்த அன்றைக்கே வெட்டி நோட்டுப்புத்தகத்தில் ஒட்டிவிடுவோம்.” படத்தின் புகழே தொடரைத் துண்டாக்கிற்று.

சில வீடுகளைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவுகூற நாம் துணியவில்லை. ஆனால் சான்றின் திசை தெளிவு. 2022 ஜூனில் கமல்ஹாசனே நடித்து ‘விக்ரம்’ என்னும் பெயரில் புதிய படமொன்று பெருவெற்றி பெற்றது. அது பழைய படத்தினின்று நாயகனின் பெயரையும் பணியையும் எடுத்துக்கொண்டது; புதிய பகைவர், புதிய கதை. சுஜாதாவின் தொடர்கதையில் வரும் நிகழ்ச்சிகள் அதற்குத் தேவைப்படவில்லை. திரை தன் நாயகனைத் தானே நினைவில் வைத்திருந்தது. துணைப் புதினம் அதில் இடைப்பாலமாக நிற்கவில்லை. ஜீனோவோ எந்தப் புதிய படத்தின் தயவுமின்றி, நூலாக இன்றளவும் பதிப்புக் கண்டு வருகிறது. தொலைக்காட்சித் தொடரைக் கண்ணால் காணாத இளைஞரும் ஜீனோவை அறிவர். இயந்திர அறிவைப் பற்றிய பேச்சு எழும் இக்காலத்தில், அந்நாயை மேற்கோளாகக் கொண்டு பேசிய வேதியியல் ஆசிரியர் ஒருவரை நம் சபையிலேயே கேட்டோம்.

வரிசை செய்வோர் யார்?

கதையுலகுகளுக்கு நியமநூல் வரிசை என்னும் பேச்சு விளையாட்டாகத் தொடங்கிற்று. 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்டு நாக்ஸ் என்னும் இளைஞர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலை பெற்றவர். 1917-இல் உரோமைச் சபையில் சேர்ந்தவர். செருமானியத் திருமறைத் திறனாய்வாளர் ஐந்தாகமத்தைக் கூறுபோட்ட முறையிலேயே அவர் வாட்சனின் எழுத்தைக் கூறுபோட்டு, எது மெய்யான வாட்சன், எது பிற்கால வாட்சன் என்று கேலியாக ஆய்ந்தார். ஹோம்ஸ் அன்பர்கள் கேலியை மறந்து முறையைப் பற்றிக்கொண்டனர். அவர்களிடமிருந்து அச்சொல் அறிவியல் புனைகதை அன்பர்களிடம் சென்றது.

2012-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமை டிஸ்னி நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2014 ஏப்ரலில் உரிமையாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். அதுவரை வந்த துணைப் புதினங்கள் அனைத்தும் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது பழங்கதைகள். வரப்போகும் படங்கள் அவற்றிற்குக் கட்டுப்பட மாட்டா என்பது அதன் சாரம். 1991 முதல், திரை இருண்ட காலத்தில் விளக்கேந்திய நூல்கள் ஒரே நாளில் தள்ளுபடி ஆகமங்கள் ஆயின. அன்பர் பலர் துயருற்றனர், சிலர் சினந்தனர். வணிக நோக்கில் அவ்வறிவிப்பில் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களின் செய்திகளை மனத்திற்கொண்டு புதுப்படம் எடுத்தல் எளிதன்று. ஆயினும் யாருடைய பற்று அக்கதையைக் காத்ததோ அவர்களுக்கு அத்தீர்ப்பில் சொல்லே இல்லை. எழுதியவர்க்கும் பெரிய வாழ்வில்லை. ஃபாஸ்டர் எழுதிய நூல்களுக்கு உரிமைத்தொகை வரவில்லையென 2020-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் வெளிப்படையாக முறையிட நேர்ந்தது.

யூசேபியு நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூல்களை வகைப்படுத்தியபோது, எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவை எவை, மறுப்புக்குள்ளானவை எவை என்றே வினவினார். எச்சபைகளில் எந்நூல் வாசிக்கப்படுகிறது என்பதே அவர்க்கு முதற்சான்று. உரிமையாளர் என ஒருவர் இல்லை. யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு போன்ற நிருபங்களை ஐயத்திற்குரியனவாகக் குறித்தபோதும், பலரால் அறியப்பட்டவை என அவர் எழுதினார். பிற்காலச் சபை அவற்றை ஏற்றது. இவ்வொப்புமையை அளவிறந்து நீட்டலாகாது. திருமறை நியமம் வெறும் வாசகர் விருப்பத்தால் அமைந்ததன்று. அப்போஸ்தலச் சாட்சி, விசுவாசப் பிரமாணம் ஆகிய உரைகற்கள் அங்கு இருந்தன. பொழுதுபோக்குக் கதைக்கு அத்தகைய உரைகல் இல்லை. ஆயினும் பயன்பாட்டின் வழியே ஏற்பு வளர்கிறது என்னும் ஒரு கூறு இரண்டிற்கும் பொது. அக்கூறு சிவகாசியின் மறுபதிப்பில் உண்டு; 2014-இன் அறிவிப்பில் இல்லை.

சான்றுகளின் நிலைமை கவலைக்குரியது. மலிவுத் தாளில் அச்சான அந்நூல்கள் பொடிந்து வருகின்றன. பள்ளி நூலகங்கள் அவற்றை வாங்கவில்லை. நம் குருமார் பலர் அவற்றைப் படிக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொண்டனர். ஓய்வுநாள் பள்ளியில் கைப்பற்றிய படிகள் அடுப்புக்குச் சென்ற செய்தியையும் கேட்டிருக்கிறோம். எளிய மக்கள் எதைப் படித்தனர் என்னும் வரலாற்றை எழுத விழையும் மாணவர், சான்றுகளைத் தேடி வீடுகளின் பரண்களுக்கே செல்ல வேண்டும். எம் மாணவர் இருவர் இவ்வேலையைத் தொடங்கியுள்ளனர். ஊரும் ஆண்டும் குறித்து, யார் யாரிடம் இரவல் பெற்றனர் என்பதையும் கேட்டெழுதுகின்றனர்.

சித்தையன்கோட்டையில் ஓர் இஸ்லாமிய நண்பர் தம் தமக்கையார் கட்டி வைத்த ஜீனோ தொகுப்பை எமக்குக் காட்டினார். மாட்டுத்தீவன நிறுவனம் ஒன்றின் நாட்காட்டி அட்டையை மேலுறையாக வைத்துச் சணல் நூலால் தைத்திருந்தார் அவ்வம்மையார். நடுவே இரண்டு வாரத்துப் பகுதிகள் கிடைக்கவில்லை போலும். அவ்விடத்தில் கோடிட்ட தாள்களைச் சேர்த்து, வேறொருவர் வீட்டுப் படியைப் பார்த்து, நீல மையில் கையாலேயே எழுதி நிரப்பியிருக்கிறார்.